அந்த வண்ணாத்திப்பூச்சிக்கு நான் பொறுப்பில்லை, மச்சாள்

இக்காஸ்ட், டென்மார்க்
சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, பூசையால் வந்து

என்றும் மதிப்புக்குரிய மச்சாள் கிருபாமலர் அவர்கட்கு, உங்கள் அண்ணன் நீக்கிலாஸின் மனைவி அருள்நாயகி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நானும் மகன் டிலுக்சனும் மடு மாதாவின் துணையால் நல்ல சுகமாக இருக்கிறோம். அதுபோல் உங்கள் சுகத்தையும், உங்கள் கணவர் ஜெபநேசன் அண்ணையின் முழங்காலின் சுகத்தையும், மகள் மரினாவின் சுகத்தையும் அறிய ஆவல். போனில் அறியலாம் என்றால் நீங்கள் போனைத் தூக்குகிறீர்கள் இல்லை. வாட்ஸப்பில் நீலச் சரி விழுகிறது, பதில் விழவில்லை. ஆகையால் கையால் எழுதுகிறேன். இங்கே சிவப்புத் தபால் பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கடிதத்தைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். என்றாலும் கடிதம் என்று ஒன்று வந்தால் பிரிக்காமல் வைக்க உங்களுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும்.

மச்சாள், நான் எட்டாம் வகுப்போட நிண்ட ஆள். மேல எழுதின மாதிரி வடிவா எழுத எனக்கு அவ்வளவுதான் ஏலும். இனிக் கதைக்கிற மாதிரித்தான் வரும், கோவிக்காதையுங்கோ. கோவத்திலதான் இருக்கிறியள், அதோட இதையும் சேத்துவிடுங்கோ.

முதல் விசயத்தைச் சொல்லிப்போடுறன். இவற்ற, உங்கட அண்ணையின்ர, ஆண்டுப் பூசை முடிஞ்சு, ரொறன்ரோவில உங்கட கோயில் மண்டபத்தில எல்லாரையும் இருத்தி, சுவாமியையும் முன்வரிசையில இருத்தி, செத்தவீட்டு வீடியோ எண்டு நீங்கள் பெரிய ரீவியில போட, எங்கட டிலுக்சன் நீர்வீழ்ச்சிக்குள்ளால கையில பந்தோட நடந்து வந்தானாம். அது நான் வேணுமெண்டு செய்தது இல்லை. ரெண்டு வீடியோவை ரெண்டு பேருக்கு மாறி அனுப்பிப்போட்டன். உங்களுக்கு வரவேண்டிய செத்தவீடு அமெரிக்காவில ஒரு பேஸ்போல் கோச்சுக்குப் போட்டுது, அவருக்குப் போகவேண்டியது உங்களுக்கு வந்திட்டுது. நீங்கள் அப்ப ஒப்பரேசன் செய்து படுத்திருந்தபடியால் சொந்தத் தமையன்ர முகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்க வரேல்லை, அண்டைக்கு நேரடியாக் காட்டினதும் உங்கட பக்கம் அறுந்து அறுந்து வந்தது, ஒரு வருசமா அந்த வீடியோவுக்குக் காத்துக்கொண்டு இருந்தனியள். உங்கட கோவம் ஞாயமான கோவம். நானெண்டால் இன்னும் கூடக் கோவிச்சிருப்பன். இது எப்பிடி நடந்தது எண்டதையும், அதால உங்களிட்ட நான் கேக்கப்போற ஒரு காரியத்தையும் ஆறுதலா எழுதுறன், தேத்தண்ணியை ஊத்தி வைச்சுக்கொண்டு இருந்து வாசியுங்கோ.

உந்த விளையாட்டு எங்கட வீட்டுக்குள்ள வந்ததே உங்கட அண்ணையாலதான். டிலுக்சன் சின்னனா இருக்கேக்க, ஜோனாஸ் எண்ட டெனிஸ்காரன் ஒருத்தன் புட்போல் மைதானத்தின்ர ஒரு மூலையில பிள்ளையளுக்குப் பேஸ்போல் பழக்கினவன். இக்காஸ்டில ஆரைக் கேட்டாலும் ஹான்ட்போல்தான், பேஸ்போலுக்கு வந்த பிள்ளையள் எல்லாரையும் ஒரு காரில ஏத்தலாம். இவர் வேலியில சாஞ்சு நிண்டு பாத்திட்டு வந்து, இது எங்கட எல்லேதான், மன்னாரில பள்ளிக்கூடத்தில நாங்கள் அடிச்சது, இவங்கள் கையுறையைக் கொழுவிக்கொண்டு வேற பேர் வைச்சிருக்கிறாங்கள் எண்டார். ஒரு வித்தியாசமாம். எல்லேயில பந்து போடுறவன் அடிக்கிறவன்ர ஆள், அடிக்க வசதியாப் போட்டுக்குடுப்பான், இதில போடுறவன் எதிரி, அடிக்கவிடாமல் எறிவான். எங்கட பிள்ளை எறியிறவனா வந்திட்டான். அதுக்குப் பிறகு இவர் வேலையால வந்தால் சாப்பாடு கேக்கமாட்டார். வேலையிடத்துக் குசினியில வெள்ளரிக்காய் ஊறுகாய் வந்த வெறும் வாளி ஒண்டைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால புல்லில கவிட்டு, அதுக்கு மேல குந்திக்கொண்டு, பெரிய தோல் கையுறையோட பிள்ளை எறியிற பந்தைப் பிடிப்பார். நான் குசினியில நிண்டு வெங்காயம் வெட்டேக்க அந்தச் சத்தம் கேக்கும், டப், டப் எண்டு. அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில எல்லாம் சரி எண்டு அர்த்தம்.

போன வருசம் பங்குனியில இவர் வேலைக்கு வெளிக்கிட்டு, வாசலில இருந்து ஒரு சப்பாத்தைப் போட்டு, மற்றதைக் கையில எடுத்தவர். அவ்வளவுதான், மச்சாள். அதுக்கு மேல எழுத எனக்குத் தெரியாது.

டிலுக்சன் அழேல்லை. பெட்டிக்குப் பக்கத்தில நிண்டவன், பெட்டியைத் தூக்கினவன், வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுத்தவன், அழேல்லை. பேந்து பள்ளிக்கூடம் முடிச்சு வெள்ளைத் தொப்பி போடுற நாளிலயும் படத்துக்குச் சிரிச்சவன். நான் ஏதும் கேட்டால் டெனிசில ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு அறைக்குள்ள போவான். பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் காருகள் விடுற கொட்டிலின்ர சுவரில எறிவான். சுவரில பட்டால் அது டப் எண்டு கேக்காது, வேற மாதிரி, என்ர நெஞ்சில படுற மாதிரிக் கேக்கும். பக்கத்துவீட்டு மனுசியும் வந்து முறைப்பாடு சொல்லிச்சுது. ஒருநாள் எனக்குத் தாங்கேல்லை. இவற்ற சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில போட்டு, என்ர கை சின்னன் எண்டபடியால் முதல் ஒரு கம்பளிக் கையுறையைப் போட்டு, அதுக்கு மேல இவற்ற தோல் கையுறையைப் போட்டு, வீட்டுச் சட்டையோட போய் வாளியில குந்தினன். எறி எண்டன். அவன் என்னை ஒரு விசரியைப் பாக்கிற மாதிரிப் பாத்தான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினன். டப் எண்டது. வாளியோட கொஞ்சம் பின்னுக்குப் போனன், வேறொண்டும் நடக்கேல்லை. கையை எங்க நீட்டினாலும் பந்து அதுக்குள்ளதான் வந்து விழும். அண்டையில இருந்து வேலையால வந்தால் நானும் சாப்பாடு கேக்கிறேல்லை. நான் வயசுபோன ஆக்களின்ர இல்லத்தில படுக்கைச் சீலை தோய்க்கிறனான் எண்டு உங்களுக்குத் தெரியும், அங்க கையில கண்டல் காயத்தைக் கண்டிட்டு எங்களுக்குப் பொறுப்பான பெரியவ என்னைத் தனியக் கூப்பிட்டு, வீட்டில பிரச்சினையோ எண்டு கேட்டவ. மகன் எறியிறவன் எண்டன். அவ கதவைச் சாத்தினவ. பேந்து விளங்கப்படுத்தப் பட்ட பாடு போதும் எண்டாச்சு.

கண்ணை மூடுறது பயத்தில எண்டுதான் டிலுக்சனுக்குச் சொன்னனான். முதலில பயந்தான். பேந்து, மூடிக்கொண்டு இருந்தால் அந்தச் சத்தம் இவர் பிடிக்கேக்க கேட்ட அதே சத்தமாக் கேக்கும். குசினியில நிக்கிற மாதிரி இருக்கும். உங்களுக்கு மட்டும் சொல்றன், அவனுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ.

இனி அமெரிக்காக் கதைக்கு வாறன். அங்க கொலிச்சுகள் பந்து எறியிற பிள்ளையளைத் தேடி எடுத்துப் படிப்பும் குடுக்கினமாம். ஜோனாஸ்தான் சொன்னவன், கேட்டு எழுது எண்டு. டிலுக்சன் களஞ்சியத்தில வேலை செய்துகொண்டு, கிடைச்ச நேரமெல்லாம் ஈமெயில் எழுதினவன். கனபேர் பதிலே போடேல்லை. சிலபேர், டென்மார்க்கில பேஸ்போலோ எண்டு கேட்டவையாம். ஒரேயொரு கோச் மட்டும் மரியாதையா எழுதினவர், வீடியோ அனுப்பு, உன்ர வேகம் என்ன எண்டு காட்டு, எனக்கு இன்னும் ஒரு இடம்தான் மிச்சம், கிழமை முடியமுதல் தீர்மானிக்கவேணும் எண்டு. அந்த ஈமெயில் வந்த அண்டைக்குத்தான் அவன் அறைக்கதவைத் திறந்துவைச்சுக்கொண்டு சாப்பிட்டவன். எனக்கு அது காணும், இந்தப் பிள்ளை அங்க போகத்தான் வேணும் எண்டு நான் அப்பவே நினைச்சிட்டன்.

வேகம் பாக்கிற கருவி எங்களிட்ட இல்லை. ஜோனாஸ் ஒரு வழி கண்டுபிடிச்சான். எங்கட றோட்டு முகப்பில காருகளுக்கு வேகம் காட்டுற பலகை ஒண்டு இருக்கு, மெதுவா வந்தால் சிரிச்ச முகம் வரும், வேகமா வந்தால் அழுத முகம் வரும். அதுக்கு நேரா நிண்டு எறியச் சொன்னான். நான் வாளியோட பலகைக்குப் பக்கத்தில. டிலுக்சன் எறிஞ்சான், பலகை அழுதது. இன்னொருக்கா எறிஞ்சான், இன்னும் அழுதது. அதால போன ஒரு டெனிஸ்காரன் தனக்குத்தான் எண்டு நினைச்சுக் காரை மெதுவாக்கி என்னட்ட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான்.

இதைப் படம்பிடிக்க நான்தான் ஹோர்சன்சில இருக்கிற லோரன்சைக் கூப்பிட்டனான். அங்கதான் பிழைச்சது. உங்களுக்கு அவரைத் தெரியாது, இஞ்ச லோரன்ஸ் கமராவோட வராமல் எங்கட ஆக்கள் பிறக்கிறதும் இல்லை, சாகிறதும் இல்லை. சாமத்தியவீடு, கலியாணம், முதல் நன்மை, செத்தவீடு எல்லாம் அவர்தான், இவற்ற செத்தவீடும் அவர்தான் எடுத்தவர். ஜோனாஸ் போனில எடுக்கிறன் எண்டவன், நான்தான், வேண்டாம், பிள்ளையின்ர எதிர்காலம், ஒழுங்கா எடுப்பம் எண்டனான். லோரன்ஸ் ஒழுங்காத்தான் எடுத்தவர். டிலுக்சனை வேட்டி சால்வையோட ஒருக்கா நடக்கவிட்டு எடுத்தவர், பேஸ்போல் உடுப்போட ஒருக்கா எடுத்தவர், பேந்து ரெண்டு டிலுக்சனும் ஒருத்தனுக்கு ஒருத்தன் கைகுடுக்கிற மாதிரிச் செய்தவர். பின்னுக்கு சுவிஸ் மலையும் நீர்வீழ்ச்சியும். பந்து கையால வெளிக்கிட்டு என்ர கையுறைக்குப் போய்ச்சேர ஒரு பாட்டு முடிஞ்சிடும், அவ்வளவு ஆறுதல். பந்துக்குப் பின்னால றோசாப்பூ இதழ் விழுகுது. வேகம் காட்டுற பலகைதான் முக்கியம், அந்த இலக்கத்துக்கு நேர மேல ஒரு பெரிய வண்ணாத்திப்பூச்சியைப் பறக்கவிட்டிருக்கிறார். ஏன் எண்டு கேட்டதுக்கு, அழுத முகம் மங்கலமான வீடியோவில வரக்கூடாது அக்கா எண்டார். ஆகையால் மச்சாள், அந்த வண்ணாத்திப்பூச்சிக்கு நான் பொறுப்பில்லை.

லோரன்ஸ் சின்னப்பிள்ளையளோட அலுவல் பாக்கமாட்டார், பெரியாக்களுக்குத்தான் அனுப்புவார். ரெண்டு வீடியோவையும் என்ர போனுக்கு ஒண்டா அனுப்பிப்போட்டார், ஆண்டுக்கு உங்களுக்கு அனுப்பவேண்டிய செத்தவீடும் இந்தச் சுவிஸ் மலையும். திறந்தால்தான் என்ன எண்டு தெரியும், திறக்காமல் பாத்தால் ரெண்டும் நீலநிறத்தில நீட்டுக்கு இங்கிலீஸ் எழுத்து. டிலுக்சன் வேலையில நிண்டு போன் எடுத்து, அம்மா இண்டைக்குக் கடைசி நாள், கோச்சின்ர நம்பர் போட்டிருக்கிறன், உடன அனுப்புங்கோ எண்டான். நான் செத்தவீட்டை இன்னொருக்காத் திறந்து பாக்கிற மனுசியோ, மச்சாள்? திறக்காமலே ஒண்டைக் கோச்சுக்கும் மற்றதை உங்களுக்கும் அனுப்பிப்போட்டன். இவ்வளவுதான் என்ர குற்றம்.

உங்கட மண்டபத்தில நடந்தது எனக்கு மரினா டிலுக்சனுக்குச் சொல்லித் தெரியும், பிள்ளையை ஏசாதையுங்கோ. சுவாமி கடைசிமட்டும் கையைக் கூப்பிக்கொண்டு இருந்தவராம். நீங்கள் எனக்குப் போட்ட கடைசிச் செய்தியை வைச்சிருக்கிறன், “என்ர அண்ணை செத்து ஒரு வருசம், நீர் எனக்குப் பந்து விளையாட்டுக் காட்டுறீர்” எண்டு. ஆனா மரினா இன்னொண்டும் சொன்னவள். நீங்கள் அதைப் பேந்து வீட்டில தனிய இருந்து போட்டுப் பாத்தனியளாம், டிலுக்சன் சேட்டுக் கையால நெத்தியைத் துடைக்கிற இடத்தில நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தனியளாம். உங்கட அண்ணை துடைக்கிற மாதிரித்தானே துடைக்கிறான். எனக்கும் அந்த இடம்தான்.

இனிக் கோச் போன் எடுத்த கதை. மூண்டாம் நாள் பின்னேரம் நாங்கள் சாப்பாட்டு மேசையில இருக்கேக்க டிலுக்சன்ர போனில முகம் தெரியிற கோல் வந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரர், நரைச்ச மீசை. பேர் சொன்னவர், என்ர வாயில வரேல்லை. அவர் பந்தைப்பற்றி ஒண்டும் கேக்கேல்லை. தொப்பியைக் கழட்டி மேசையில வைச்சிட்டு மெதுவா ஏதோ சொன்னார். டிலுக்சன்ர முகம் வெளுத்துப்போச்சு. எனக்கு இங்கிலீஸ் விளங்காது, ஆனா இவன் மறுமொழி சொல்ல வாயைத் திறந்து, சொல்லேலாமல், கையால முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் துவங்கினான். ஒரு வருசமா வராத அழுகை, முன்பின் தெரியாத ஒரு மனுசனுக்கு முன்னால வந்தது. அந்த மனுசன் போனை வைக்கேல்லை. அப்பிடியே இருந்தவர். நான் எழும்பிப்போய் இவன்ர தலையைப் பிடிச்சுக்கொண்டன், அவனும் அறைக்கு ஓடேல்லை.

பேந்துதான் எனக்கு விளங்கப்படுத்தினவன். கோச் செத்தவீட்டை முழுக்கப் பாத்திருக்கிறார். எங்கட ஆக்கள் பிள்ளையை அறிமுகம் செய்யமுதல் குடும்பத்தை அறிமுகம் செய்யிறவை, அதுதான் முறையாக்கும் எண்டு நினைச்சு, தன்ர மனுசியையும் கூப்பிட்டு இருத்திப் பாத்தவராம். பெட்டி வெளிக்கிடேக்க ரெண்டுபேரும் எழும்பி நிண்டவையாம். உன்ர அப்பாதான் உனக்குப் பந்து பிடிச்சவரோ எண்டு கேட்டவர், பெட்டிக்குள்ள இவற்ற கைக்குப் பக்கத்தில டிலுக்சன் ஒரு பந்து வைச்சதைக் கண்டிருக்கிறார். எனக்கே அது தெரியாது, மச்சாள். நான் அண்டைக்கு ஒண்டையும் பாக்கேல்லை. இப்ப ஆர் பிடிக்கினம் எண்டு கேட்டார். இவன் என்னைக் காட்டினான். அவர் சிரிக்கிறாரோ எண்டு நான் பாத்தன், சிரிக்கேல்லை. அம்மாவிட்ட ஒண்டு கேக்கவேணும் எண்டார். டிலுக்சன் தமிழில கேட்டான், “அம்மா, நான் நேராத்தான் எறியிறனானோ எண்டு கேக்கிறார்.”

நான் சொன்னன், “எனக்கு உந்த விளையாட்டுத் தெரியாது எண்டு சொல்லு. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறனான். ஒருநாளும் மேல பட்டதில்லை.”

டிலுக்சன் அதை இங்கிலீசில சொல்ல அந்த மனுசன் கதிரையில சாஞ்சு கன நேரம் சிரிச்சார். பிறகு, அதை எனக்கு எடுத்து அனுப்பு, அதுமட்டும் இடத்தை வைச்சிருக்கிறன், பூ ஒண்டும் வேண்டாம் எண்டாராம். கதைக்கேக்க வீடியோ மாறின கதையையும் இவன் சொல்லியிருக்கிறான் போல, இல்லாட்டில் பூவைப்பற்றி அவருக்கு எப்பிடித் தெரியும். அடுத்தநாள் ஜோனாஸ் வந்து சும்மா போனில எடுத்தான், நான் ஹெல்மெட்டோட, வாளியோட, கண் மூடினபடி. கடைசி எறியில வாளி சறுக்கி நான் மல்லாக்க விழுந்திட்டன், காலிரண்டும் மேல, ஆனா பந்து கையுறைக்குள்ளதான் இருந்தது. அதை வெட்டச் சொன்னன், டிலுக்சன் வெட்டாமல் அனுப்பிப்போட்டான். அண்டைக்கே பதில் வந்தது. இடம் டிலுக்சனுக்குத்தான். படிப்பும் தங்கிறதும் அவையின்ர பொறுப்பு. இவன் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, தமிழில “அம்மா, நான் எடுபட்டிட்டன்” எண்டான். தமிழில, மச்சாள்.

இனி நான் கேக்கிற காரியம். ஆவணியில போகவேணும். அந்தக் கொலிச்சு இருக்கிற ஊர் உங்கட பக்கத்தில எல்லையைத் தாண்டினால் காரில போற தூரமாம், ஜோனாஸ் படத்தில காட்டினவன். அந்த நாட்டில எனக்கு ஒருத்தரும் இல்லை, கிட்ட இருக்கிறது நீங்கள்தான், இவற்ற இரத்தம். நீங்கள் இந்தக் கோவத்தோட இருந்தால் நான் பிள்ளையை ஏத்தமாட்டன், கோச்சுக்கு இல்லையெண்டு சொல்லிப்போடுவன், டிலுக்சனுக்கும் அதைச் சொல்லிப்போட்டன். அவன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியில போய் நிண்டான், சுவரில எறியேல்லை, சும்மா கையில வைச்சுக்கொண்டு நிண்டான். சுகமில்லாமல் கிடந்தால் போய்ப் பாக்க ஒரு ஆள், பெருநாளுக்குக் கூப்பிட்டுச் சோறும் மீன்குழம்பும் குடுக்க ஒரு ஆள், அவ்வளவுதான் கேக்கிறன். என்னோட கோவமெண்டால் என்னோட வைச்சிருங்கோ, அவனோட வேண்டாம். நான் தனிய என்ன செய்வன் எண்டு யோசிக்காதையுங்கோ, எனக்குக் குறையில்லை. அவன் போனதும் வாளியையும் கையுறையையும் ஜோனாசிட்டக் குடுத்துப்போட்டு அந்த மைதானப் பக்கமே போறேல்லை எண்டு முடிவு செய்திட்டன். வாற கோடைக்கு உங்களிட்ட வந்து நிக்கிறன், இஞ்ச எனக்கு ஒரு அலுவலும் இருக்காது, மரினாவின்ர பழைய அறையை எனக்கு ஒதுக்கிவையுங்கோ. ஓம் எண்டால் ஒரு மிஸ்கோல் அடியுங்கோ, கதைக்கத் தேவையில்லை.

ஜெபநேசன் அண்ணையின்ர முழங்காலுக்கு நான் மெழுகுதிரி கொளுத்தினனான். மரினாவுக்கு என்ர கொஞ்சல். உங்கட வீட்டில சமாதானமும் அடுப்பில சோறும் எப்பவும் இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு முடிக்கிறன்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும்
அருள்நாயகி

பி.கு.: மச்சாள், இதை மடிச்சு உறையில போடமுதல், இனியும் பிந்தக்கூடாது எண்டு செத்தவீட்டு வீடியோவை உங்களுக்குத் திரும்ப அனுப்பினன். டிலுக்சன் வந்து பாத்திட்டுத் தலையில கைவைச்சான். நான் அனுப்பினது வாளியால விழுந்த வீடியோவாம். அழிக்கமுதல் நீலச் சரி விழுந்திட்டுது. உடன நீங்கள் போன் எடுத்தியள். சிரிச்ச சிரிப்பில உங்களுக்குக் கதைக்க ஏலேல்லை, பேந்து அழுதியள், பேந்து, “கண்ணைத் திறந்துகொண்டு பிடியும், பல்லுப் போகப்போகுது” எண்டு ஏசினியள். டிலுக்சன் வராட்டில்தான் எனக்குக் கோவம் வரும் எண்டும் சொன்னியள், மரினா சொல்லித் தெரிஞ்சு போன சனிக்கிழமையே ஜெபநேசன் அண்ணையின்ர முழங்காலையும் ஏத்திக்கொண்டு போய் அந்தக் கொலிச்சு மைதானத்தைப் பாத்திட்டு வந்தனியள் எண்டும் சொன்னியள். ஆகையால் மேல எழுதினது ஒண்டும் இனித் தேவையில்லை, முத்திரை வாங்கிப்போட்டன் எண்டபடியால் அனுப்புறன். மரினாவின்ர அறையையும் ஒதுக்கவேண்டாம். இப்பதான் ஜோனாஸ் வந்திட்டுப் போறான், புதுசா ஒரு சின்னப் பெட்டை எறியப் பழகுதாம், பிடிக்க ஆளில்லையாம், அது கண்டபடி எறியிற பிள்ளையாம், கண்ணைத் திறந்துகொண்டுதான் இருக்கவேணுமாம். கோடை முழுக்க எனக்கு அலுவல். சரியான வீடியோவை இந்தமுறை டிலுக்சனே கையில கொண்டுவருவான். தனியப் பாக்கமாட்டன், அவனைப் பக்கத்தில இருத்தித்தான் பாப்பன் எண்டு சொன்னியள். அது நல்லது, மச்சாள். அவனுக்கு இப்ப அழத் தெரியும்.